டேங்கிற்கு அடியில், ஆழமான குழிக்குள் இருக்கும் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கடலோரன் (திருவொற்றியூர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டின் ஹோண்டா சிபிஆர் 250ஆர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாவது உரிமையாளராக அதை வாங்கினேன். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், செயின், பிரேக் பேடு ஆகியவற்றை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றிவருகிறேன். ஸ்பார்க் பிளக்கை மட்டும் இதுவரை தொட்டதில்லை. சென்ற மாத மழைக்குப் பிறகு, காலையில் மணலிக்கு வேலைக்குக் கிளம்பும்போது முதல் பத்து நிமிடங்கள் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது எஞ்சின் விட்டு விட்டுத் திக்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சரியாகிவிடுகிறது. முந்தைய உரிமையாளர் பிளக்கை எப்போது மாற்றினார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லாததால், புதிய பிளக் ஒன்றைக் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி, டேங்கின் பின்புறத்தைத் தூக்கி மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக் கேப்பை உருவியதும் என் விரல் எட்டாத ஆழத்தில் பிளக் தெரிந்தது. குழியின் அடியில் மணல் படிந்திருக்கிறது. பிளக்கின் அறுகோணப் பகுதியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது. வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர் உள்ளே இறங்கிப் பொருந்துகிறது, ஆனால் அதைத் திருப்புவதற்குக் கம்பியைச் செருகினால் கால் சுற்றுக்கு முன்பே ஃபிரேமில் இடிக்கிறது. கிடைத்த அந்தச் சிறிய அசைவில் பிளக் கொஞ்சமும் இளகவில்லை. மேலும் பலம் கொடுக்க மனம் வராமல், கேப்பை மாட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

என் அச்சத்திற்குக் காரணம் உண்டு. என் அண்ணனின் பழைய வண்டியில் ஒரு பட்டறையில் பிளக்கைக் கோணலாக ஏற்றி இறுக்கிவிட்டதால் மரை முழுவதும் போய், சிலிண்டர் ஹெட்டையே மாற்ற நேர்ந்தது. இந்த வண்டிக்கு அப்படி ஒரு செலவை என்னால் தாங்க முடியாது. எந்தக் கருவியை வாங்க வேண்டும், இறுகிப்போன பிளக்கை எப்படி இளக்க வேண்டும், புதியதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பெரம்பூர் ஃபிட்டர்:

தம்பி, நீங்கள் பலம் கொடுக்காமல் நிறுத்தியது மிகவும் சரியான முடிவு. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகனின் வண்டிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் வண்டிகளுக்கும் இந்த வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். பிளக்கை எடுப்பதற்கு முன்பு செய்யும் வேலைதான் இதில் பெரும்பகுதி. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் அந்த மணல். குழியில் மணல் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால், பிளக் வெளியே வரும் அதே நொடியில் மணல் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு மணலும் சுவரில் கோடு போடும். ஆகவே பிளக் இறுக்கமாக இருக்கும்போதே குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏர் கம்ப்ரசர் இல்லை என்றால், சைக்கிள் பம்பின் முனையில் பேனா ரீஃபில் அளவுக்கு மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதைக் குழியின் அடிவரை விட்டு அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த மணல் நேராக முகத்திற்குத்தான் வரும். ஈரமாக ஒட்டியிருப்பதை ஒரு குச்சியில் சுற்றிய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பிளக்கை அரைச் சுற்று மட்டும் இளக்கிவிட்டு இன்னொரு முறை காற்று அடியுங்கள். பிளக்கின் வாஷருக்கு அடியில் பதுங்கியிருந்த துகள்கள் அப்போதுதான் வெளியேறும். இந்த இரண்டாவது ஊதலைப் பலர் செய்வதில்லை.

கருவியைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தேவையானது மெல்லிய சுவர் கொண்ட பிளக் சாக்கெட், ஒன்று அல்லது இரண்டு எக்ஸ்டென்ஷன் கம்பிகள், ஒரு சிறிய ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பி, மறு திசையில் சும்மா திரும்பி வரும் கைப்பிடி) ஆகியவை. இந்த வகை எஞ்சின்களில் பிளக்கின் மரை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான் என்றாலும், அதன் அறுகோணம் சில பிளக்குகளில் 16 மில்லிமீட்டராகவும் சிலவற்றில் 14 மில்லிமீட்டராகவும் இருக்கும். ஆகவே புதிய பிளக்கைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே சாக்கெட்டை அதில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் இவை கிடைக்கும். சாதாரண சாக்கெட் பிளக்கில் பொருந்தினாலும், அதன் வெளிச்சுவர் தடிமனாக இருந்தால் குழிக்குள் இறங்காது; குழியின் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

ராட்செட் எதற்கு என்றால், உங்கள் கம்பி ஃபிரேமில் இடிக்கும் சிக்கலுக்கு அதுதான் விடை. எக்ஸ்டென்ஷனின் நீளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ராட்செட்டின் தலை குழியின் வாய்க்கு மேலே, ஃபிரேம் குழாய்க்குக் கீழே வந்து நிற்கும். பத்துப் பதினைந்து டிகிரி அசைவு கிடைத்தாலே போதும், ஒவ்வொரு பல்லாகத் திருப்பிவிடலாம். நீளமான ஒரே எக்ஸ்டென்ஷன் டேங்கில் இடித்தால் இரண்டு குட்டையானவற்றை இணைத்துப் பாருங்கள். சாக்கெட்டிற்கு நேர் மேலே யுனிவர்சல் ஜாயின்ட்டை மாட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது மடங்கும்போது சாக்கெட் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த சாக்கெட் பிளக்கின் பீங்கானை அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலை உண்டாக்கும். ஜாயின்ட் வேண்டியே ஆக வேண்டும் என்றால் குழிக்கு வெளியே, மேல்முனையில் மட்டும் மாட்டுங்கள்.

இன்னொரு சங்கதி: சாக்கெட்டின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிளக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். புதிய பிளக்கை மாட்டி முடித்து மேலே இழுக்கும்போது எக்ஸ்டென்ஷன் மட்டும் கழன்று வந்து, சாக்கெட் குழிக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்க நான் ஒருமுறை அரை நாள் போராடியிருக்கிறேன். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

டேங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக் கொடுத்த நிலையிலேயே இடம் போதுமானால் பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டாம். ஆனால் டேங்கின் பாரம் அந்தக் குழாயில் தொங்கக் கூடாது. டேங்கை முழுவதும் இறக்கினால்தான் முடியும் என்றால், உங்கள் வண்டி ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகை என்பதால் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஃபியூயல் பம்பின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, குழாயின் இணைப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். நம் பகுதி வீடுகளில் வாசலுக்கும் சமையலறைக்கும் நாலடி தூரம்கூட இருப்பதில்லை. வேலை முடியும்வரை அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது.

ராயபுரம் ரைடர்:

ஐயா சொன்ன அனைத்தும் சரியே. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பிளக் இறுகியிருந்தால் எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கழற்றுவது எளிது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதால் ஓட்டை அகன்று பிளக் இளகிவிடும். என் வண்டியில் இரண்டு முறை இப்படித்தான் கழற்றினேன்.

காசிமேடு லேத்:

ராயபுரம் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் கடலோரனின் ஹெட்டிற்கு ஆபத்து. நான் லேத் பட்டறை நடத்துகிறேன். மரை போன ஹெட்டுகள் மாதம் தவறாமல் என் மேசைக்கு வருகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது சரி. ஆனால் சூடான அலுமினியம் மென்மையாகவும் இருக்கும்; பிளக்கின் இரும்பு மரையோடு அது ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வருவது அந்த நிலையில்தான் அதிகம். கைவைக்க முடியாத சூட்டில் பிளக்கைக் கழற்றினால், பிளக்கோடு சேர்ந்து அலுமினியச் சுருள்களும் வெளியே வருவதைப் பார்க்கலாம். அதைவிட மோசமானது, அதே சூட்டில் புதிய பிளக்கை மாட்டி இறுக்குவது. எஞ்சின் ஆறும்போது ஓட்டை சுருங்கிப் பிளக்கைக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை அது அசையாது. பொதுவான விதி, ஆறிய எஞ்சினில் கழற்றி ஆறிய எஞ்சினில் மாட்டுவது. இறுகிப்போன பிளக்கிற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: உள்ளங்கையை ஹெட்டில் வைத்து எடுக்காமல் இருக்கக்கூடிய வெதுவெதுப்பு வரை சூடாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கடலோரன் பார்த்த வெள்ளைப் பொடி திருவொற்றியூர்க் காற்றின் வேலை. இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுப் பொடியாகும். அந்தப் பொடி மரையின் இடுக்கை அடைத்துக்கொண்டு பிளக்கை ஆப்பு வைத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். எண்ணூர் முதல் காசிமேடு வரை கடலோரம் நிற்கும் வண்டிகளில் இதை எப்போதும் பார்க்கிறேன். கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் வண்டிகளில் இவ்வளவு இருப்பதில்லை. இதற்கு, குழியைச் சுத்தம் செய்த பிறகு, துரு இளக்கும் எண்ணெயைப் பிளக்கின் அடிவிளிம்பைச் சுற்றிச் சில சொட்டுகள் மட்டும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் இளகும் திசையில் மெல்ல அழுத்துங்கள். லேசாக அசைந்ததும் முழுவதும் கழற்ற அவசரப்படாமல், கால் சுற்று இளக்கி, அதில் பாதியைத் திரும்ப இறுக்கி, மறுபடியும் இளக்குங்கள். இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கிறீச்சென்ற சத்தமும் கையில் கரகரப்பும் தெரிந்தால் அந்த இடத்தில் பொடி அரைபடுகிறது என்று பொருள். அங்கே திரும்பிப் போக வேண்டும், முன்னால் போகக் கூடாது. இந்த முன்னும் பின்னுமான ஆட்டத்தில்தான் மரை பிழைக்கிறது.

புதிய பிளக்கை மாட்டத் தொடங்கும்போது சாக்கெட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். ஒரு சாண் நீளத்திற்குப் பெட்ரோல் டியூப் ஒன்றை வெட்டி, புதிய பிளக்கின் மேல்முனையில் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பிளக் மரையின் தொடக்கம் ஹெட் மரையின் தொடக்கத்தைச் சந்திக்கும் இடத்தில் பிளக் லேசாகக் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றுங்கள். நேராக ஏறினால் வாஷர் உட்காரும்வரை விரல் பலத்திலேயே சுற்றிக்கொண்டு போகும். கோணலாகப் போனால் டியூப் வழுக்கி நின்றுவிடும், மரையைக் கெடுக்கும் அளவுக்கு அதற்குப் பலம் கிடையாது. இரும்புச் சாக்கெட்டிற்கு அந்த இரக்கம் இல்லை. கோணலாக ஏறினாலும் அது திருப்பிக்கொண்டே போகும். கடலோரனின் அண்ணன் வண்டிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இறுக்கும் அளவு: 10 மில்லிமீட்டர் மரைப் பிளக்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 12 நியூட்டன் மீட்டர் என்பது 20 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஏறக்குறைய 6 கிலோ பாரம் வைத்தது போன்றது, அவ்வளவுதான். கார்களில் இருக்கும் 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும் என்பதால், கார் வேலை பழகிய கை இங்கே தானாகவே மிகையாக இறுக்கிவிடும். டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் கருவி) வாங்குவதானால் சிறிய அளவுகளுக்கான கால் அங்குல ரென்ச்சை வாங்குங்கள். சக்கர நட்டுகளுக்கான பெரிய ரென்ச் இந்த எண்ணைச் சரியாகக் காட்டாது. ரென்ச் இல்லை என்றால், புதிய பிளக்கின் வாஷர் உட்கார்ந்து விரல் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று. வாஷர் நசுங்கும் மென்மை கையில் தெரிந்து, பிறகு சட்டென்று கெட்டிப்படும். பழைய பிளக்கைத் திரும்ப மாட்டினால் அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும்.

கிரீஸ் பூசலாமா என்ற கேள்வி அடுத்து வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான புதிய பிளக்குகளின் மரையில் அரிப்பைத் தடுக்கும் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் மசகைப் பூசினால் உராய்வு குறைந்து, ரென்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் அதைவிட மிகுதியாக இறுகிவிடும். மரையை உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள்.

கடலோரன் (திருவொற்றியூர்):

பெரம்பூர் ஐயாவிற்கும் காசிமேடு அண்ணனுக்கும் ராயபுரம் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை இரவு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். காற்று அடித்தபோது குழியிலிருந்து வந்த மணலைத் தாளில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டிக்குக் குறையாது. அத்தனையும் சிலிண்டருக்குள் போயிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

பிளக் முதல் அழுத்தத்தில் அசையவில்லை. நான்காவது முறை 'டக்' என்ற சிறு ஓசையோடு இளகியது. காசிமேடு அண்ணன் சொன்னபடி முன்னும் பின்னுமாக ஆட்டி, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் வெளியே எடுத்தேன். மரையில் அலுமினியத் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. டியூபில் மாட்டிய புதிய பிளக் மூன்றாவது முயற்சியில் நேராக ஏறிக்கொண்டது. முதல் இரண்டு முறையும் டியூப் வழுக்கி எச்சரித்தது. இன்று காலை மணலி வரை ஒரு மிஸ்ஸிங்கும் இல்லாமல் வண்டி ஓடியது.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பழைய பிளக்கின் உள்முனை வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. ஆனால் வெளியே, வெள்ளைப் பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தெரிகிறது. எஞ்சினின் வாயு அந்த வழியாகக் கசிந்திருக்குமா? அடுத்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்த வண்டி எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. குழிக்குள் மணல் வந்ததற்கு அது காரணமாக இருக்குமா?

பெரம்பூர் ஃபிட்டர்:

மகிழ்ச்சி, தம்பி. உள்முனை வெளிர் பழுப்பாக இருப்பது எஞ்சின் நன்றாக எரிகிறது என்பதற்கு அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் ஆயில் மேலேறுகிறது என்றும், சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு என்றும் கொள்ள வேண்டும். பீங்கானின் வெளியே தெரியும் வளையம் கசிவு அன்று. உயர் மின்னழுத்தத்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டுப் படியும் கறை அது; நல்ல பிளக்குகளிலும் வரும்.

முழங்கால் அளவுத் தண்ணீர் ஹெட்டின் மேல்புறத்தை எட்டியிருக்காது. முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் மழைநீரும்தான் டேங்கிற்கு அடியில் புகுந்து கேப்பின் ரப்பர் ஓரம் வழியாக இறங்கியிருக்கும். இத்தகைய குழி உள்ள ஹெட்டுகளில், உள்ளே சேரும் நீர் வெளியேறுவதற்காகக் குழியின் அடியிலிருந்து ஹெட்டின் பக்கவாட்டிற்கு ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அது சேற்றால் அடைபட்டால் தண்ணீர் குழியிலேயே தேங்கி, கேப்பிற்குள் மின்சாரம் கசிந்து, எஞ்சின் சூட்டில் நீர் ஆவியாகும்வரை மிஸ்ஸிங் அடிக்கும். உங்கள் வண்டி முதல் பத்து நிமிடங்கள் மட்டும் தொல்லை கொடுத்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. பழைய கிளட்ச் கேபிளின் ஓர் இழையை எடுத்து, வெளிப்பக்கத்திலிருந்து அந்தத் துளையைக் குத்திவிட்டுக் காற்று அடியுங்கள். கேப்பின் ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் புதிய பிளக்கிலும் இதே தொல்லை வரும்.

கடலோரன் (திருவொற்றியூர்):

ஐயா, துளையைக் கண்டுபிடித்துவிட்டேன். களிமண் போல இறுகிய சேறு அதை முழுவதும் அடைத்திருந்தது. கம்பி இழை உள்ளே போனதும் பழுப்பு நிறத் தண்ணீர் நான்கைந்து சொட்டுகள் வடிந்தன. கேப்பின் ரப்பர் ஓரத்திலும் ஒரு வெடிப்பு இருக்கிறது. இந்த வாரமே புதியதை வாங்கிவிடுகிறேன்.

காசிமேடு லேத்:

பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மரையில், நீளவாக்கில், எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வெட்டுகளை ஹேக்சா பிளேடால் போட்டு, பிசிறுகளை அரத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டால், ஹெட்டின் மரையில் படியும் பொடியைத் துடைத்தெடுக்கும் கருவி உங்களுக்குக் கிடைத்துவிடும். அடுத்த முறை பிளக்கை மாற்றும்போது அந்த வெட்டுகளில் கிரீஸை நிரப்பி, டியூபில் மாட்டி விரலால் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். பொடி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். எஞ்சிய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய பிளக்கை உலர்ந்த மரையில் ஏற்றுங்கள். வெட்டுப் போட, பிளக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு வைஸ் தேவைப்படும். உங்களிடம் இல்லை என்றால் பட்டறைக்கு எடுத்து வாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.